சபை வளர்கிறதா என்று எதை வைத்துச் சொல்வது?

கேள்வி:

ஸ்தோத்திரம் ஐயா. எனக்கு 33 வயது. பெரம்பூர் பக்கத்தில், நூறு வயதைத் தாண்டிய ஒரு சபையில் இந்த முறைதான் முதன்முதலாகக் கமிட்டிக்கு வந்திருக்கிறேன். என் தாத்தா காலத்தில் ஞாயிறு ஆராதனைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் வெளியேதான் நிற்க வேண்டுமாம். இப்போது பாதி பெஞ்சு காலி. அடுத்த தெருவில் கல்யாண மண்டபத்தில் நடக்கும் சபையில் இரண்டு ஆராதனையும் நிரம்பி வழிகிறது. எங்கள் வாலிபர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே போய்விட்டார்கள். ஏசி, எல்இடி திரை, புது சவுண்ட் சிஸ்டம், மாடியில் ஒரு ஹால் என்று கமிட்டியில் ஒரு சாரார் 60 லட்சத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார்கள். இதைச் செய்தால்தான் சபை வளரும் என்கிறார்கள். இன்னொரு சாரார், "எண்ணிக்கை முக்கியம் இல்லை, பயப்படாதே சிறுமந்தையே என்றுதானே ஆண்டவர் சொன்னார்" என்கிறார்கள். போய்விட்ட வாலிபர்களின் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. அடுத்த மாதம் கூட்டம். ஆரோக்கியமான வளர்ச்சி என்றால் உண்மையில் என்ன? எதை வைத்து அளப்பது? நான் எந்தப் பக்கம் பேசுவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு பக்கமும் பேச வேண்டாம். இரண்டு சாராரும் வெவ்வேறு வழியில் ஒரே கேள்வியைத் தவிர்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தக் காலி பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லையே?

சிறுமந்தை வசனத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். என்ன சாப்பிடுவோம், என்ன உடுத்துவோம் என்று கலங்கிக்கொண்டிருந்த சீஷர்களைத் தேற்ற ஆண்டவர் சொன்னது அது. நம் ஆட்கள் குறைந்துபோனதற்குச் சமாதானம் சொல்ல அதை எடுப்பது சரியில்லை. எண்ணிக்கையைப் பற்றி வேதம் கூச்சப்படுவதே இல்லை. பெந்தெகொஸ்தே நாளில் ஏறக்குறைய மூவாயிரம் பேர், அப்புறம் ஐயாயிரம் பேர் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கணக்குச் சொல்கிறது. காணாமற்போன ஆட்டின் உவமையை எடுத்துப் பாருங்கள். ஒன்று குறைகிறது என்று அந்த மேய்ப்பனுக்கு எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்தான், அதனால் தெரிந்தது. எண்ணாத மேய்ப்பன் நூறு ஆடும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பான்.

ஆகவே எண்ணுங்கள். ஆனால் எதற்காக எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு எழுதின கடிதங்கள் இருக்கின்றனவே, அவற்றை ஒரே மூச்சில் வாசித்துப் பாருங்கள். ஏழில் ஒன்றில்கூட "உங்கள் சபையில் எத்தனை பேர்?" என்ற கேள்வி கிடையாது. அன்பு குறைந்துபோனது, பொறுமை, உபத்திரவத்தில் நிலைத்திருப்பது, தவறான போதகத்துக்கு இடம் கொடுப்பது, வெதுவெதுப்பு, இவைதான் விசாரிக்கப்படுகின்றன. ஏழ்மையில் கிடந்த சிமிர்னாவிடம் "நீ ஐசுவரியமுள்ளவன்" என்கிறார். ஐசுவரியவான் என்று சொல்லிக்கொண்ட லவோதிக்கேயாவைத் தரித்திரன் என்கிறார். "உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்பது சர்தைக்கு. சர்தையில் ஆராதனை நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு நல்ல சபை என்றே தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் சபைக்கு வருகிறேன். கூட்டத்துக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆயரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, குடும்பப் பதிவேட்டையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகளையும் எடுத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் கோயில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் செக்ஸ்டனை உட்காரச் சொல்லுங்கள். எந்தப் பெஞ்சில் எந்தக் குடும்பம் உட்காரும், எந்த அம்மா கண் ஆபரேஷனுக்குப் பிறகு வரவில்லை, எந்த வீட்டில் மகனுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்றுபோனது என்பதெல்லாம் செயலரைவிட அவருக்குத்தான் தெரியும். கடந்த பத்து ஆண்டுகளுக்கு ஒவ்வொரு குடும்பமாகப் பென்சிலால் குறித்துக்கொண்டு வாருங்கள்.

நம் ஊரை வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியலில் என்ன வரும் என்று ஓரளவு சொல்ல முடியும். பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கத்துச் சபைகள் பெரும்பாலும் ரயில்வேயை ஒட்டி வளர்ந்தவை. கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955ல் ஆரம்பித்த ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப் என்று அப்பா வேலை பார்த்தார், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பம் நடந்தே கோயிலுக்கு வந்தது. அப்பா ரிட்டையர் ஆனார், குவார்ட்டர்ஸைக் காலி செய்தார்கள். மகனுக்கு சோழிங்கநல்லூரில் வேலை, மகள் பெங்களூரில். அப்பாவும் அம்மாவும் ஆவடியிலோ தாம்பரத்துக்கு அப்பாலோ ஒரு மனை வாங்கிப் போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் மட்டும் இரண்டு பஸ் மாறி வருவார்கள். இந்தக் காலி பெஞ்சுக்கு எல்இடி திரை மருந்தாகாது. அந்தக் குடும்பம் ஆவடியில் ஏதோ ஒரு சபையில் நன்றாக வேரூன்றி இருந்தால் அது உங்கள் சபைக்கு நஷ்டம் இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நடுவில் தொங்கிக்கொண்டிருந்தால் அது உங்கள் கவலை. ஒரு போன் போட்டு, "அங்கே பக்கத்தில் எந்தச் சபைக்குப் போகிறீர்கள், நான் அந்த ஆயரிடம் பேசட்டுமா?" என்று கேட்பது உங்கள் ஆயரின் வேலை, கமிட்டியின் வேலையும்கூட.

பட்டியலில் இன்னொரு வகை இருக்கும். வீடு மாறவில்லை, இறக்கவில்லை, வேறு சபைக்கும் போகவில்லை. அதே தெருவில் இருக்கிறார்கள், வருவதில்லை. கடன் பட்டவர், மகள் வேறு மதத்தில் கல்யாணம் செய்துகொண்டதால் நாலு பேர் கேட்பார்களே என்று கூசுகிறவர், குடியை விட முடியாதவர், சந்தா பாக்கி இருப்பதால் பெயர் வாசிப்பார்களோ என்று பயப்படுகிறவர், கமிட்டித் தேர்தலில் அடிபட்டு மனம் கசந்தவர். இந்தப் பெயர்களைத் தனியே எழுதுங்கள். என்னைக் கேட்டால் உங்கள் சபையின் ஆரோக்கியத்தை இந்தப் பட்டியல் சொல்கிற அளவுக்கு வேறு எதுவும் சொல்லாது. ஒருவர் தொடர்ந்து நாலு ஞாயிறு வராமல் இருந்தால் ஐந்தாவது ஞாயிற்றுக்குள் அவர் வீட்டு வாசலில் யாராவது போய் நிற்கிறார்களா? ஆயர் மட்டும் அல்ல, யாராவது. இந்த ஒரு கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்ல முடிகிற சபை, நாற்பது குடும்பமாக இருந்தாலும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

அடுத்த தெரு மண்டபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒருவரைச் சொல்ல வேண்டும். சபை வளர்ச்சி என்பதை ஒரு படிப்பாகவே ஆக்கியவர் டொனால்டு மெக்காவ்ரன். மிஷனரிக் குடும்பத்தில், நம் நாட்டில், மத்திய இந்தியாவின் தமோவில் 1897ல் பிறந்தவர். பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு சபைகளில் ஒன்று பெருகுகிறது, ஒன்று அப்படியே நிற்கிறது, ஏன் என்று இந்தியாவில் ஊழியம் செய்த நாட்களில்தான் அவர் கேட்க ஆரம்பித்தார். அவர் சொன்னதில் உங்களுக்கு உடனே உதவக்கூடியது ஒன்று: சபை மூன்று விதமாகப் பெருகும். சபைக் குடும்பங்களில் பிள்ளைகள் பிறந்து விசுவாசத்தில் வளர்வது ஒன்று. வேறு சபையிலிருந்து ஆட்கள் வந்து சேர்வது ஒன்று. கிறிஸ்துவை அறியாதிருந்தவர்கள் அறிந்து வருவது ஒன்று. சென்னையில் "எங்கள் சபை பெருகிவிட்டது" என்று கேள்விப்படும்போதெல்லாம் இந்த மூன்றில் எது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நடு வகையாகத்தான் இருக்கும். பெரிய மைதானத்தில் எழுப்புதல் கூட்டம் வைக்கிறோம், வழியெல்லாம் பேனர், வேன் வேனாக ஜனங்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஊரில் உள்ள எல்லாச் சபை விசுவாசிகளும் அங்கே இருக்கிறார்கள். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஊற்றினால் தண்ணீர் கூடாது. உங்கள் சபை நாளைக்கு ஏசி போட்டு மண்டபத்துக்குப் போனவர்களைத் திரும்ப இழுத்துக்கொண்டாலும் இதே கதைதான்.

மெக்காவ்ரன் சொன்ன இன்னொன்றை நம் ஊர்ச் சபை அப்படியே ஏற்கக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மனிதர்கள் தங்கள் இனம், மொழி, வகுப்பு என்ற வேலியைத் தாண்டாமலேயே கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள், ஆகவே ஒரே மாதிரியான ஆட்களைக் கொண்ட சபை வேகமாகப் பெருகும் என்றார் அவர். இதைப் பற்றி 1977ல் அமெரிக்காவின் பாசடீனாவில் கிறிஸ்தவத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலிக்கு என்ன பெயர் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரே சாதிக்காரர்கள் கூடினால் கூட்டம் சீக்கிரம் சேரும், உண்மைதான். திருவிருந்து மேசையில் நடக்க வேண்டியது அங்கே நடக்காமலே போய்விடும்.

நம் சரித்திரத்தில் இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவம் இருக்கிறது. 1833ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை பார்ப்பதை உடனே விட்டுவிட வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அதுவரை கோயிலுக்குள் தனித்தனியே உட்காருவதும், திருவிருந்துக்கு முன்னே பின்னே போவதும் வழக்கமாக இருந்தது. கடிதம் வந்ததும் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டு விலகிப் போனார்கள். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்தால் அந்த ஆண்டு சபை தேய்ந்துபோனது. அது நோயா, சுகமா? என் மனதில் சந்தேகம் இல்லை. ஆட்கள் குறைகிற சில ஆண்டுகள் ஒரு சபையின் நல்ல ஆண்டுகளாக இருக்க முடியும். யோவான் ஆறாம் அதிகாரத்தில் அநேக சீஷர்கள் பின்வாங்கிப் போனபோது ஆண்டவர் தம் உபதேசத்தைத் தளர்த்திக்கொண்டு அவர்கள் பின்னால் ஓடவில்லை.

திருமணப் பதிவேடு மேசையில் இருக்கும்போதே இதையும் பாருங்கள். உங்கள் கோயிலில் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்த கல்யாணங்களில் எத்தனை சாதியைத் தாண்டி நடந்தவை? கமிட்டியில் இதைச் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, வளர்ச்சி என்றால் என்ன என்று நீங்கள் கேட்டதற்கு நேராக வருகிறேன். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை விட்டால் எனக்கு வேறு நல்ல பதில் தெரியாது. அதன் முதல் ஏழு வசனங்கள்தான். கமிட்டிக்கு வரும் எல்லோரும் அதை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

"சீஷர்கள் பெருகினபோது" என்று ஆரம்பிக்கிறது. பெருகினபோது என்ன நடந்தது? முறுமுறுப்பு வந்தது. கிரேக்கு பேசுகிற விதவைகளுக்கு அன்றாட விசாரணையில் சாப்பாடு சரியாகப் போய்ச் சேரவில்லை. எபிரெயர் வீட்டு விதவைகளுக்குப் போகிறது, இவர்களுக்குப் போகவில்லை. பாருங்கள், பரிசுத்த ஆவி இறங்கின சபை, அப்போஸ்தலர்களே நடத்துகிற சபை, அங்கேயே பந்தியில் பாரபட்சம். வளர்ச்சிதான் அந்தக் கோளாறைக் கொண்டுவந்தது. கூட்டம் கூடினால் யாரோ ஒருவர் கண்ணில் படாமல் போய்விடுவார். அந்த ஒருவர் எப்போதும் ஏழையாகவும், வேறு பாஷை பேசுகிறவராகவும், பேச ஆள் இல்லாதவராகவும்தான் இருப்பார்.

அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஜெபம் பண்ணினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. தாங்களே போய்ப் பந்தி பரிமாறி நல்ல பெயர் வாங்கிக்கொள்ளவும் இல்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். சபை யாரைத் தெரிந்தெடுத்தது என்பதுதான் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியம். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். ஏழாமவர் பிறப்பால் யூதர்கூட இல்லை, அந்தியோகியாவிலிருந்து யூதமார்க்கத்துக்கு வந்தவர். யாருக்குக் குறை இருந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே பந்தியையும் பொறுப்பையும் கொடுத்துவிட்டார்கள். நம் கமிட்டிகளாக இருந்தால் ஆளுக்குப் பாதி என்று பிரித்திருப்போம்.

அதற்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது? "தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷருடைய தொகை எருசலேமில் மிகவும் பெருகிற்று." முதல் வசனத்திலும் பெருக்கம், ஏழாம் வசனத்திலும் பெருக்கம். நடுவில் ஒரு அநியாயம் சரிசெய்யப்பட்டது, அதிகாரம் கைமாறியது. அந்த நடுப்பகுதி இல்லாமல் முதல் பெருக்கம் ஏழாம் வசனம் வரைக்கும் வந்திருக்காது, பிளவில் போய் முடிந்திருக்கும். ஆரோக்கியமான வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். ஆட்கள் சேரச் சேர, விடுபட்டுப்போகிறவரைச் சபையின் கண் பிடித்துவிட வேண்டும். பிடித்தபின் பொறுப்பு இன்னும் அதிகமான கைகளுக்குப் போக வேண்டும்.

கைகள் என்றதும் உங்கள் வாலிபர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். அவர்கள் ஏன் போனார்கள் என்று கமிட்டியில் யாராவது அவர்களிடமே கேட்டீர்களா? நான் ஆயர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருப்பதால், இப்படிச் சபை மாறின பிள்ளைகளிடம் பேசும் சந்தர்ப்பம் அடிக்கடி வாய்க்கிறது. திரையைப் பற்றியும் டிரம்ஸைப் பற்றியும் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்போம். ஒரு பையன் சொன்னது வேறு: "அங்கே ரெண்டாவது வாரமே என்னை சேர் போடச் சொன்னாங்க ஐயா. மூணாவது வாரம் வரலைன்னு போன் பண்ணினாங்க. நம்ம கோயில்ல நான் பிறந்ததிலேர்ந்து இருக்கேன், எனக்கு ஒரு வேலையும் கிடையாது." யோசித்துப் பாருங்கள். ஓய்வுநாள் பள்ளியில் படித்து, விபிஎஸ் என்ற விடுமுறை வேதாகமப் பள்ளிக்கெல்லாம் போய், திடப்படுத்தல் எடுத்து, திருவிருந்துக்கு வந்த பிள்ளை. அதற்கு மேல் அவனுக்கென்று சபையில் என்ன இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு ஸ்டார் கட்ட ஏணி பிடிக்கலாம், கேரல் ரவுண்ட்ஸில் பெட்ரோமாக்ஸுக்குப் பதிலாக எமர்ஜென்சி லைட் தூக்கலாம். வேதபாடம் வாசிக்கக்கூட அதே நாலு பெரியவர்கள். இருபது வயதில் கம்பெனியில் ஒரு டீமை நடத்துகிறவனுக்குக் கோயிலில் காணிக்கைப் பை பிடிக்க நாற்பது வயதாக வேண்டும் என்றால் அவன் எத்தனை நாள் காத்திருப்பான்?

எபேசியர் 4ல் பவுல் சபையைச் சரீரம் என்கிறார். ஒவ்வொரு அவயவமும் தன் தன் அளவுக்கு வேலை செய்யும்போது சரீரம் வளர்கிறது, அன்பினாலே பக்திவிருத்தி அடைகிறது என்கிறார். நன்றாகப் பிரசங்கம் பண்ணுகிற ஆயர் வந்தால் கூட்டம் வருவதும், அவர் மாற்றலாகிப் போனதும் கூட்டம் கரைவதும் நாம் பார்க்காததா? அந்தச் சில ஆண்டுகளில் வளர்ந்தது ஆயரின் பெயர். அவர் போன பிறகும் வீட்டு ஜெபக்குழுக்கள் நடக்கின்றன, நோயாளிகளை யாரோ சந்திக்கிறார்கள், பிள்ளைகளுக்கு யாரோ கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால்தான் சபை வளர்ந்திருக்கிறது.

இதில் நமக்கு வழிகாட்டியாக நான் பார்க்கிறவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர். 1903ல் நம் ஜனங்களின் பணம், நம் ஜனங்களின் ஆட்கள் என்று இந்திய மிஷனரி சங்கம் உருவானதில் முன்னின்றவர். 1912ல் தோர்ணக்கல்லின் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். அங்கே ஞானஸ்நானம் எடுத்தவர்கள் பெரும்பாலும் தெலுங்குக் கிராமங்களின் ஒடுக்கப்பட்ட ஜனங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். அவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கையை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று சொல்லச் சொல்வாராம் அசரியா. தண்ணீரிலிருந்து ஏறின அன்றைக்கே பொறுப்பு. படித்துவிட்டு வா, சந்தாவைக் கட்டிவிட்டு வா என்று தள்ளிவைக்கவில்லை. அந்த மறைமாவட்டம் அப்படிப் பெருகியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

மண்டபத்துச் சபையைப் பற்றி உங்கள் கமிட்டியில் குறைவாகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். நீங்கள் அதில் சேர வேண்டாம். ஆஸ்பத்திரியில் ராத்திரி பதினொரு மணிக்கு வந்து ஜெபம் பண்ணுகிறார்கள், வேலை போனவர் வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுபோகிறார்கள் என்றால் அதற்காக ஸ்தோத்திரம் சொல்லுங்கள். உங்கள் சபையைக் கேட்கிற கேள்விகளை அவர்களிடமும் கேட்கலாம். கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள், பாஸ்டரிடம் "இது தவறு" என்று சொல்ல ஆள் உண்டா, வியாதி சுகமாகாதவரை விசுவாசம் போதாது என்று குற்றப்படுத்துகிறார்களா, இப்படி. அது அவர்கள் வேலை. 1947 செப்டம்பர் 27 அன்று இதே சென்னையில், செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில், ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகளில் வந்தவர்கள் ஒரே தென்னிந்தியத் திருச்சபையாக இணைந்தார்கள். தனித்தனியே இருந்தவர்கள் ஒன்றாக முடிந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு தெரு தள்ளி இருக்கும் விசுவாசிகளைப் போட்டிக் கடைக்காரர்களாகப் பார்ப்பது நமக்கு அழகில்லை. உங்கள் ஆயரும் அந்தப் பாஸ்டரும் ஒரு நாள் சேர்ந்து ஒரு கப் காப்பி குடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சரி, அந்த 60 லட்சம். எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாகப் போட்டு ஆம், இல்லை என்று கை தூக்க விடாதீர்கள். பிரித்துப் பேசச் சொல்லுங்கள். சவுண்ட் சிஸ்டம் நல்லது, உடனே செய்யலாம். கடைசிப் பெஞ்சில் காது மந்தமான பாட்டிக்கு வேதவசனம் கேட்பதைவிட முக்கியமான செலவு கிடையாது. மின்விசிறி, வெளிச்சம், மே மாத வெக்கையில் முதியவர்கள் மயங்கி விழாமல் இருக்க ஏதாவது ஏற்பாடு, இவையும் சரி. பட்டியலில் இல்லாத இரண்டைச் சேர்க்கச் சொல்லுங்கள்: படிக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி ஏற ஒரு சாய்தளம், சுத்தமான பெண்கள் கழிப்பறை. எல்இடி திரைக்கு அவசரம் இல்லை. மாடி ஹால் எதற்கு என்று கேளுங்கள். ரிசப்ஷனுக்கு வாடகை விடத்தான் என்றால் வேண்டாம். சாயங்காலம் தெருப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, ஐந்து மணிக்கு ஒரு டியூஷன், வாரத்தில் ஒரு நாள் மருத்துவ ஆலோசனை என்று யாராவது பெயர் போட்டுப் பொறுப்பெடுத்தால் அப்போது கட்டலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஊர் முழுக்கக் கோயில், மசூதி, தேவாலயம் என்று கதவைத் திறந்து ஜனங்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டார்கள். உங்கள் சபையும் ஏதாவது செய்திருக்கும். அன்றைக்கு வந்து சாப்பிட்ட தெருக்காரர்கள் பெயர் இன்றைக்கு உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியும் என்றால் அந்த ஹாலுக்கு வேலை இருக்கிறது.

பணத்தைப் பற்றிப் பொருளாளரிடம் ஒரு கணக்கு கேளுங்கள், குற்றம் சாட்டுகிற குரலில் அல்ல. போன ஆண்டு காணிக்கை, சந்தா, பண்டிகை ஏலம் எல்லாம் சேர்த்து வந்ததில், நம் சுவருக்கு வெளியே எவ்வளவு போனது? கட்டடத்துக்கு 60 லட்சம் திரட்ட முடிகிற சபை, ஒரு ஊழியரை ஏதாவது ஒரு கிராமத்தில் தாங்க முடியாதா, இரண்டு ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியாதா? பத்து ரூபாய் கட்டடத்துக்குப் போகும்போது ஒரு ரூபாய் வெளியே போக வேண்டும் என்று ஒரு தீர்மானத்தை நீங்களே முன்மொழியுங்கள். ஆதரிக்க ஆள் கிடைப்பார்கள். கமிட்டியில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் யாராவது ஆரம்பிக்கட்டும் என்றுதான் காத்திருக்கிறார்கள்.

எதை வைத்து அளப்பது என்று கேட்டீர்கள். ஆண்டுக் கூட்ட அறிக்கையில் வரவு செலவோடு இன்னும் சில காரியங்களையும் எழுதுங்கள் என்று செயலரிடம் சொல்லிப் பாருங்கள். இந்த ஆண்டு முதன்முதலாகப் பொறுப்பெடுத்தவர்கள் எத்தனை பேர், அதில் முப்பது வயதுக்குக் கீழே எத்தனை, பெண்கள் எத்தனை. நின்றுபோயிருந்தவர்களில் திரும்ப வந்தவர்கள் எத்தனை. கிறிஸ்துவைப் புதிதாக அறிந்து, தாங்களாகவே விரும்பி ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிறவர்கள் உண்டா. பேச்சுவார்த்தை இல்லாதிருந்த எந்த இரண்டு குடும்பம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒப்புரவானது. கடைசியில் சொன்னதை அறிக்கையில் எழுத முடியாது, ஆயருக்கும் உங்களுக்கும் தெரிந்தால் போதும். இவை கூடிக்கொண்டே வந்தும் ஆட்கள் கூடவில்லை என்றால் கலங்காதீர்கள். "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்று பவுல் எழுதினது நம்மைப் போன்றவர்கள் நிம்மதியாகத் தூங்கத்தான். நடுவதும் நீர்ப்பாய்ச்சுவதும் நம் கையில் இருக்கிறது, அதில் கணக்குக் கேட்கப்படும். விளைச்சலுக்கு நம்மிடம் கணக்கு இல்லை.

கடைசியாக, அந்த வாலிபர்களின் பெயர். நீக்க விடாதீர்கள். இதில் மட்டும் நீங்கள் கமிட்டியில் உறுதியாக நிற்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, இவர்களைத் தாங்குவோம் என்று எழுந்து நின்று சொன்னது சபைதான். கூட்டத்துக்கு முன்பு நீங்களும், அவர்களுக்கு ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுத்த ஆசிரியை யாராவது ஒருவரும் சேர்ந்து, ஏழெட்டுப் பேரையும் தனித்தனியே வீட்டில் போய்ப் பாருங்கள். வா என்று கூப்பிட வேண்டாம். எப்படி இருக்கிறாய், அங்கே நன்றாக இருக்கிறதா, நம் கோயிலில் உனக்கு என்ன குறை இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்வதை மறுத்துப் பேசாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். அவர்களுக்காக ஜெபம் பண்ணிவிட்டு எழுந்திருங்கள். அந்தத் தாளைக் கூட்டத்தில் ஆயர் கையில் கொடுத்து, பெயர் நீக்கும் பேச்சை எடுப்பதற்கு முன் இதை வாசிக்க அனுமதி கேளுங்கள்.